புசல்லாவையில் தேயிலை நட்டவர் வேறு, காலனி அமைச்சில் அமர்ந்தவர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தைப் பற்றி வந்த கட்டுரை மூன்று ஆட்களை ஒரே ஆளாக்கிவிட்டது. ஜேர்மனியில் பிறந்து, இலங்கைக்கு வந்து, 1841இல் தேயிலை நட்டு, பிறகு பிரித்தானியக் காலனி அமைச்சில் பதவி வகித்து, பிரபுப் பட்டத்தோடு மறைந்த ஒருவரின் வாழ்க்கை வரலாறாக அது எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒருவர் இருக்கவில்லை. தேயிலை நட்டவர் மொரிஸ் வேர்ம்ஸ். அவர் தோட்டக்காரர், வியாபாரி. காலனி அமைச்சில் இருந்தவர் அவருடைய அண்ணன் மகன் ஹென்றி. அவர் பிறந்தது லண்டனில். ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, தம்பிமாரோடு இலங்கைத் தோட்டங்களில் பங்கு வைத்திருந்தவர் ஹென்றியின் தகப்பன் சொலமன். பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் ஒப்படைகளுக்கு உங்கள் பத்திரிகையை வெட்டி ஒட்டுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

குடும்பத்திலிருந்து தொடங்குவோம். பிராங்பேர்ட் நகரின் யூதர் தெருவில் வட்டிக்கடையும் நாணய வியாபாரமும் நடத்திய மேயர் அம்ஷெல் ரொத்சைல்டின் மூத்த மகள் ஷோன்ஷே. அவர் பெனடிக்ட் மோசஸ் வேர்ம்ஸ் என்பவரை மணந்தார். அவர்களுடைய ஆண்மக்களில் நமக்கு வேண்டியவர்கள் மூவர்: 1801இல் பிறந்த சொலமன், 1802இல் பிறந்த கேப்ரியல், 1805இல் பிறந்த மொரிஸ். ஆக இவர்கள் ரொத்சைல்ட் குடும்பத்தின் மகள்வழிப் பேரன்மார். லண்டன் ரொத்சைல்ட் வங்கி புசல்லாவையில் காணி வாங்கியதாக உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை பிழையானது. வாங்கியவர்கள் வேர்ம்ஸ் சகோதரர்கள். தோட்டத்துக்குச் சூட்டியதுதான் தாய்வீட்டுப் பெயர். கொழும்பில் அவர்கள் நடத்திய கம்பனிகூட வேர்ம்ஸ் என்ற பெயரில்தான் இருந்தது.

சொலமனின் கடைசி மகன் ஹென்றி பிறந்தது 1840 ஒக்டோபரில். தேயிலை நடப்பட்டதாகச் சொல்லப்படும் 1841இல் அவர் கைக்குழந்தை. கட்டுரையாளர் இந்த ஒரு ஆண்டைப் பார்த்திருந்தால் போதும், முழுக் குழப்பமும் தீர்ந்திருக்கும்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் பட்டம். சொலமனுக்கு ஆஸ்திரியப் பேரரசு பரன் (Baron) என்ற பிரபுப் பட்டம் கொடுத்தது 1871இல். அதை இங்கிலாந்தில் பாவிக்க விக்டோரியா மகாராணியின் அனுமதி கிடைத்தது 1874இல். மொரிஸ் அதற்கு முன்பே, 1867இல், காலமாகிவிட்டார். ஆகவே 'பரன் டி வேர்ம்ஸ் 1841இல் தேயிலை நட்டார்' என்று எங்கே எழுதியிருந்தாலும், ஹோட்டல் சுவரிலோ பழைய மலரிலோ, அது பிற்காலத்தில் யாரோ சேர்த்து எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். ஹென்றிக்குக் கிடைத்த பேர்பிரைட் பிரபு பட்டம் அதிலும் வேறு. அது 1895இல் பிரித்தானியா கொடுத்தது.

இனி தோட்டம். சகோதரர்கள் வந்தது கோப்பிக் காலத்தில். 1844 வரை அரசாங்கக் காட்டுக்காணி ஏக்கர் ஒன்றுக்கு 5 சிலிங் ஆரம்ப விலை. அந்த ஆண்டில் அது 20 சிலிங்காக உயர்ந்தது. விலை உயர முன்னர் வாங்கியவர்களுக்குக் காணி மலிவு, அதைத் தோட்டமாக்குவதுதான் செலவு. காட்டை வெட்டிச் சாய்த்து, வெயில் காலம் முழுக்கக் காயவிட்டு, ஒரே நாளில் தீ வைப்பார்கள். மழை முந்திவிட்டால் அடிமரங்கள் எரியாமல் கிடக்கும், அவற்றைத் துண்டு போட்டு உருட்ட இரட்டிப்பு ஆள்கூலி. பிறகு கயிறு பிடித்து வரிசை எடுத்து, 6 அடிக்கு 6 அடி குழி. அந்த இடைவெளியில் ஏக்கருக்கு 1210 கன்று. மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு ஏதும் வரும். அதுவரை அரிசி, கூலி, கருவி எல்லாம் கடன். 1847இல் லண்டனில் கோப்பி விலை விழுந்தபோது கடன்காரத் தோட்டங்கள் போட்ட முதலில் ஒரு சிறு பங்குக்கு ஏலம் போயின. வேர்ம்ஸ் சகோதரர்கள் அந்த வெள்ளத்தில் அடிபட்டுப் போகாததற்குத் திறமையைவிடக் கைமுதலே காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். உறவினர் வங்கியாளர்களாக இருக்கும் வீட்டுக்கும் ஒரே அறுவடையை நம்பிக் கடன் வாங்கிய ஸ்கொட்லாந்துத் துரைக்கும் வித்தியாசம் உண்டு.

பழம் பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும். தவறினால் குவியல் சூடேறி, கொட்டை நிறம் மாறி விலை குறையும். உரித்ததைத் தொட்டியில் ஒரு இரவு புளிக்கவிட்டுப் பசையைக் கழுவி, மேட்டில் பரப்பி மேல்தோலோடு காயவைத்து, மாட்டு வண்டியில் ஏற்றுவார்கள். அந்தக் காலத்தில் புசல்லாவைக்குக் கிட்டிய ரயில் நிலையம் என்று ஒன்றுமில்லை. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், கம்பளைக்கு வந்தது 1873இல். சகோதரர்களின் முழுக்காலமும் வண்டிப் பாதைக் காலம். மழையில் மூட்டை நனைந்தால் பாதி வழியிலேயே பூஞ்சணம். மேலே வரும்போது அதே வண்டி அரிசி ஏற்றி வரும். அரிசி வராத கிழமைகளில் ஆட்கள் நிற்க மாட்டார்கள் என்பது தோட்டக் கணக்கு எழுதிய எவருக்கும் தெரிந்த விஷயம்.

தேயிலைக்கு வருவோம். 'இலங்கையின் முதல் தேயிலைச் செடி' என்று கட்டுரை எழுதியிருப்பதும் சரியல்ல. 1824இல் பேராதனைப் பூங்காவுக்குச் சீனாவிலிருந்து செடி வந்துவிட்டது. 1839 இறுதியில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிலிருந்து அசாம் விதைகள் பேராதனைக்கு வந்தன. அவற்றின் கன்றுகள் நுவரெலியாவுக்கும் போயின. அங்கே பிரதம நீதியரசர் சேர் அன்ரனி ஒலிபன்டின் காணியிலும் நட்டார்கள். அதன்பிறகுதான் 1841இல் மொரிஸ் சீனப் பயணம் முடித்துக் கன்றுகளோடு வந்து ரொத்சைல்டில் நடுகிறார். அப்போது பிரித்தானியாவும் சீனாவும் முதலாம் அபின் யுத்தத்தில் இருந்தன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கன்று சேகரிக்க அது வசதியான காலமல்ல. தேயிலை விதையில் எண்ணெய்ச் சத்து அதிகம், காய்ந்தால் சில வாரங்களில் முளைக்காமல் போய்விடும். கன்றாகக் கொண்டுவந்தால் உப்புக் காற்றிலிருந்து காக்க வேண்டும். ஆக அவர் செய்தது சிறிய காரியமில்லை. ஆனால் சரியான வாசகம், 'கோப்பித் தோட்டக்காரர்களில் தேயிலையைப் பயிராகப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர்' என்பதுதான்.

அவர் கொண்டுவந்ததை இன்றைய வெட்டுக்கன்று என்று கட்டுரை விளக்கியதும் பொருந்தாது. ஒற்றை இலையோடு தண்டை வெட்டி, பொலித்தீன் பையில் வேர்விட்டு வளர்க்கும் முறை, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. அதற்கு முன் மலைநாட்டுத் தேயிலை எல்லாம் விதைத் தேயிலை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத கேள்வி, எங்களுக்கு முக்கியமாகப் படுவது இது: காணி இருந்தது, பணம் இருந்தது, செடி இருந்தது, சீனத்துத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு இறம்பொடைப் பக்கத்து கொண்டகலைத் தோட்டத்தில் தேயிலையும் செய்து பார்த்தார்கள். பிறகு ஏன் 1867 வரை, ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துத் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நடும்வரை, அது தொழிலாகவில்லை?

முதல் காரணம் செடியின் சாதி. பழைய விதைத் தேயிலை மலைகளில் இன்றும் சீனச் சாதிச் செடிகளைக் காணலாம். நிலத்திலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்திருக்கும். இலை இரண்டு மூன்று அங்குலம், ஒடுங்கி, தடித்து, கரும்பச்சையாக, மினுக்கம் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும். அசாம் சாதி இலை அதைப்போல இரண்டு மடங்கு நீளம், இளம்பச்சை, மினுக்கம், நுனி தாழ்ந்திருக்கும். கொழுந்து பறிப்பவருக்கு வித்தியாசம் கூடையில் தெரியும். சீனக் கொழுந்து நிறை குறைவு. ஒரு இறாத்தல் சேர்க்க எத்தனையோ தடவை கூடுதலாகக் கை போக வேண்டும். அதோடு சீனச் செடி சீக்கிரம் பூத்துவிடும், வறட்சியில் முளை நின்றுவிடும். குளிரைத் தாங்கும், அது அதன் நல்ல குணம். ஆனால் ஏக்கர் கணக்கில் அது அசாமையும் கலப்புச் சாதியையும் எட்டாது. டெய்லர் நட்டது அசாம் வழிச் செடி என்பதை இங்கே மறக்கக்கூடாது.

இரண்டாவது, கைவேலை. பச்சைக் கொழுந்து நாலரை இறாத்தல் போட்டால் ஒரு இறாத்தல் தேயிலை. இந்தக் கணக்கு அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முதலில் வாட்டல்: தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, காலநிலையைப் பொறுத்துப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம். புசல்லாவை மழைமாதங்களில் காற்றோட்டம் இல்லாத கோப்பி ஸ்டோருக்குள் இலை வாடாது, அவியும். வாடாத இலையை உருட்டினால் நொறுங்கிச் சாறு வீணாகும். அளவுக்கு மீறி வாடியதை உருட்டினால் முறுக்கே விழாது. பிறகு உருட்டல். மேசைமேல் இரண்டு உள்ளங்கையாலும் ஒரு பிடி இலையை முன்னும் பின்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும். இலையின் கலங்கள் உடைந்து சாறு மேலே பூசினால்தான் நிறமும் மணமும் வரும். பத்து நிமிடத்தில் கை சோரும், சோர்ந்த கை உருட்டிய இலை பாதி பச்சையாகவே கிடக்கும். அந்தப் பாதி புளிக்காது. கோப்பையில் பச்சை வாடையும் கசப்பும் அங்கிருந்துதான் வருகின்றன.

கடைசியாகச் சூடுகாட்டல். களிமண் அடுப்பில் மரக்கரி. கரி முழுதாகத் தணலாகாமல் தட்டை வைத்தால் புகை ஏறிவிடும், பிறகு எந்தச் சலிப்பாலும் அதை எடுக்க முடியாது. தணல் பலமானால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும். தணல் குறைந்தால் இலை வேகும், சாயம் மங்கும். ஈரம் மூன்று வீதத்துக்கு இறங்கினால்தான் பெட்டியில் நிற்கும். ஈரத்தோடு அடைத்து, ஈயத்தகடு வைக்காத பெட்டியில் மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்பினால் போய்ச் சேருவது சருகு. இவ்வளவும் செய்து முடித்த தேயிலையின் அடக்கவிலை, சீனத் தேயிலை லண்டனில் விற்ற விலையைவிடப் பன்மடங்காக வந்தது. கோப்பியோ அதே ஆளுக்கு, அதே நிலத்துக்கு லாபம் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த வியாபாரியும் செய்வதைத்தான் சகோதரர்களும் செய்தார்கள்: தேயிலையை ஓரத்தில் விட்டார்கள்.

டெய்லரும் தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசைபோட்டுக் கையால்தான் உருட்டினார், களிமண் அடுப்பில்தான் காயவைத்தார். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. 1872இல் உருட்டும் இயந்திரத்தோடு தொழிற்சாலை வைத்தார். 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை வெறும் 23 இறாத்தல். அதற்குள் கோப்பியை நோய் பிடித்துவிட்டது, மற்றத் துரைமார் அவர் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். மொரிஸுக்கு இல்லாமல் போனது அந்த நெருக்கடிதான். யார் 'முதல்' என்ற சண்டையில் எங்களுக்கு ஆர்வமில்லை. ஆனால் நட்டதையும் தொழிலாக்கியதையும் ஒன்றாக எழுதக்கூடாது.

1865இல் சகோதரர்கள் தங்கள் தோட்டங்களை சிலோன் கம்பனிக்கு 157,000 பவுணுக்கு விற்றார்கள். ரொத்சைல்ட், கொண்டகலை, லபுக்கலை எல்லாம் அந்தச் சொத்தில் அடங்கும். நாலே ஆண்டில், 1869இல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் பூஞ்சண நோயின் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பதினைந்து இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி முடிந்தது. வாங்கிய கம்பனி நொடித்து, அதன் சொத்துகளை 1887இல் ஈஸ்டர்ன் புரொடியூஸ் கம்பனி ஏற்றது. விற்றவர்களின் தீர்க்கதரிசனம் என்று கட்டுரை இதைப் புகழ்கிறது. 1865இல் எவருக்கும் அந்த நோயைத் தெரியாது. அந்தப் பூஞ்சணத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்ததே 1869இல். அறுபது வயதை ஒட்டிய இரண்டு சகோதரர்கள் நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஊர் போனார்கள், அவ்வளவுதான்.

ஹென்றி டி வேர்ம்ஸின் வாழ்க்கை இதிலிருந்து முற்றிலும் வேறு தடம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1863இல் வழக்கறிஞராகி, 1880இல் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் கிரீனிச் தொகுதியில் வென்றார். 1885 முதல் 1895 வரை லிவர்பூல் ஈஸ்ட் டொக்ஸ்டத் உறுப்பினர். வர்த்தகச் சபையில் பாராளுமன்றச் செயலாளராக இருந்து, 1888இல் காலனிகளுக்கான துணை அமைச்சரானார். 1892 வரை அந்தப் பதவி. 1903இல் மரணம். இலங்கைச் சட்டசபையில் அவர் உறுப்பினராக இருந்ததாகக் கட்டுரை சொல்வது வெறும் கற்பனை.

அதற்காக மலையகத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் கட்டுரையாளர் தேடிய இடத்தில் இல்லை. அப்போது காலனி அமைச்சர் நட்ஸ்ஃபோர்ட் பிரபு. அவர் பிரபுக்கள் சபையில் இருந்தபடியால், பொதுச்சபையில் காலனிகளைப் பற்றி எழும் கேள்விகளுக்கு எழுந்து பதில் சொல்லும் வேலை துணை அமைச்சருடையது. அந்த நாலு ஆண்டுகளும் இலங்கைக்குச் சாதாரண ஆண்டுகள் அல்ல. 1880களில் வலப்பனையில் நெல்வரி கட்ட முடியாத கண்டிய விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. பலர் ஊரைவிட்டுப் போனார்கள், பட்டினியில் செத்தவர்களும் உண்டு. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் இதை அம்பலப்படுத்தினார். விவகாரம் லண்டன்வரை போய், கடைசியில் 1892இல் வரியை நீக்கச் சட்டம் வந்தது. ரொத்சைல்ட் தோட்டத்திலிருந்து வலப்பனை அதிக தூரமில்லை. கோப்பிப் பணத்தில் வளர்ந்த வீட்டின் பிள்ளை, அதே மலைகளின் நெல்வரிக்கு லண்டனில் பொறுப்புக் கூறும் நாற்காலியில் இருந்தார். கட்டுரைக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

இன்னொன்று, தோட்டத் தொழிலாளரைப் பற்றிய 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். இலங்கையில் நிறைவேறும் எந்தக் கட்டளைச் சட்டமும் லண்டன் காலனி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும், மறுக்கும் அதிகாரம் அங்கே இருந்தது. அந்தச் சட்டப்படி துரை கிழமைக்கு ஆறு நாள் வேலை கொடுக்க வேண்டும், மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். அறுபது நாள் என்பது சலுகையாக எழுதப்பட்ட காலம் என்றால், அதற்கு முன் எத்தனை மாதம் இழுத்திருப்பார்கள் என்று வாசகர்களே யோசிக்கலாம். வேலையை விட்டுப் போனால் சிறை என்ற 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. வேர்ம்ஸ் சகோதரர்கள் தோட்டங்களை விற்றதும் அந்தச் சட்டம் வந்ததும் ஒரே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் பிள்ளைகள் ஆண்டை ஞாபகம் வைக்க உதவும்.

தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட குடும்பம் என்று கட்டுரை ஒரு பத்தி எழுதியிருக்கிறது. அதற்கு ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை. கோப்பிக் காலத்து ஆட்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதை ஓரத்திலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்கள் ஒப்பந்தம் செய்தது துரையோடு அல்ல, முன்பணம் கொடுத்த கங்காணியோடு. செக்ரோல் எனப்படும் வேலைநாள் பதிவில் பேர் விழுவதும் விழாததும் அவர் கையில். ஹென்றி பதவியிலிருந்த காலத்தில் இலங்கைச் சட்டசபையில் தமிழருக்கு ஓர் ஆசனம் இருந்தது. அதில் பொன்னம்பலம் இராமநாதன் இருந்தார். 1889இல் கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் ஆசனம் சேர்ந்தது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்தியருக்கென்று தேர்தல் மூலம் ஆசனம் கிடைக்க 1924 வரை காத்திருந்தார்கள். ஹட்டன் தொகுதியில் பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் அமைச்சரானது 1931இல்.

உண்மையிலேயே ஜேர்மனியிலிருந்து குடிபெயர்ந்து காலனி அரசியல்வாதியான ஒருவரைப் பற்றித்தான் எழுத ஆசை என்றால், ஆள் இருக்கிறார். ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். ஜொஹான் ஹொய்ஸ்லர் 1820இல் பொக்கன்ஹைமில் பிறந்தவர். இன்று அது பிராங்பேர்ட் நகரின் ஒரு பகுதி, அதாவது வேர்ம்ஸ் சகோதரர்களின் சொந்த ஊருக்கு அடுத்த வீடு. 1850களில் பிரிஸ்பேனில் வியாபாரியாகக் குடியேறி, 1861 முதல் ஜேர்மன் குடியேற்றக்காரரைத் திரட்டும் முகவராக இருந்து, 1866இல் மேற்சபைக்கு நியமனம் பெற்று, 1907இல் இறக்கும்வரை அங்கே அமர்ந்தார். அவர் கட்டிய ஃபேர்ன்பேர்க் மாளிகைதான் இன்று குயின்ஸ்லாந்து ஆளுநரின் இல்லம். அங்கே ஒரு ஜேர்மன் குடியேற்றக்காரர் சொந்தச் சனத்தைக் கப்பலில் ஏற்றிக் காணி கொடுத்து, அவர்கள் வாக்காளராவதையும் பார்த்தார். இங்கே வந்த ஜேர்மனியர்கள் தமிழ்ச் சனத்தின் கையால் காணியைத் திறந்து, விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை வந்தால் நாங்கள் வாசிப்போம்.

ஒப்படை செய்யும் மாணவர்களுக்குச் சில வழிகள். வேர்ம்ஸ் என்று ஒரு பெயர் எங்கே வந்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1865க்கு முன் இலங்கைத் தாள்களில் வருவது கேப்ரியலோ மொரிஸோ. 1880க்குப் பின் பிரித்தானியப் பாராளுமன்றத் தாள்களில் வருவது ஹென்றி. 1850களின் இறுதியிலிருந்து வெளிவந்த பெர்கசன் இலங்கை டைரக்டரியில் தோட்டம் தோட்டமாக உரிமையாளர், துரை, ஏக்கர் என்று நிரல் இருக்கும். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்கலாம். அதில் ஏக்கர் இரண்டு வகை: மொத்தக் காணி, பயிரிட்ட காணி. இவற்றை மாற்றி எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை, ஏனென்றால் பழைய தோட்டங்களில் பாதிக்கு மேல் காடாகவே விட்டிருப்பார்கள். தோட்டப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தேட வேண்டும். லபுக்கலை, கொண்டகலை இரண்டும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்பட்ட பெயர்கள். ஹென்றியின் பதில்கள் பிரித்தானியப் பாராளுமன்ற அறிக்கைகளில் 1888 முதல் 1892 வரை திகதிவாரியாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'இலங்கை' (அன்றைய ஆங்கிலப் பெயர் Ceylon), 'நெல்வரி' என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் போட்டால் போதும். தோட்டத்துக்குப் போகிறவர்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி எடுக்கவும். கண்ட கல்லையெல்லாம் 1841ஆம் ஆண்டுக் கல் என்று படம் பிடிக்க வேண்டாம். இன்று நிற்கும் பெரிய தொழிற்சாலைக் கட்டடங்கள் தேயிலைக் காலத்தவை.

படத்தின் கீழ் 'உடபுசல்லாவை' என்று அச்சாகியிருந்தது. அது நுவரெலியாவுக்கு அப்பால், இராகலைப் பக்கம். ரொத்சைல்ட் இருப்பது கம்பளையிலிருந்து இறம்பொடைக்கு ஏறும் கண்டி–நுவரெலியா வீதியில், புசல்லாவையில். பெயரை நம்பிப் பஸ் ஏறினால் மலையின் மறுபக்கத்தில் இறக்கிவிடுவார்கள். திருத்தம் வெளியிடும்போது ஊர்ப்பெயரோடு மூவரின் ஆண்டுகளையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்: சொலமன் 1801–1882, மொரிஸ் 1805–1867, ஹென்றி 1840–1903.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரும் ஓய்வுபெற்ற டீமேக்கரும்,
புசல்லாவை.